ஓபல் விற்ற ஆட்டங்கள்

ஓபல் ஸ்டிடம் என்பவள் தோல்விகளை விற்றாள். எங்கள் ஊரான கட்லர் கேப்பில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. "விலை போகுதில்ல?" என்பாள்.

கென்டக்கியின் கிழக்கு மலைகளுக்குள் இருக்கும் சிறிய கல்லூரி எங்களுடையது. கூடைப்பந்தில் முதல் பிரிவில் ஆடுகிறோம் என்பது ஊரின் பெருமை. அதற்கு வேண்டிய பணம் ஊரில் கிடையாது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நவம்பரிலும் டிசம்பரிலும் தங்கள் அரங்கத்தில் ஜெயித்துக் காட்ட ஆள் தேவைப்படும். பன்னிரண்டாயிரம் பேர் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும்போது எதிரில் யாராவது நிற்க வேண்டுமே. நாங்கள் போய் நிற்போம். அதற்குக் கூலி கொடுப்பார்கள். அறுபதாயிரம் டாலர், சில வருடம் எழுபதாயிரம். அவர்கள் பதிலுக்கு எங்கள் ஊருக்கு வந்து ஆட மாட்டார்கள். நாங்கள் கேட்பதும் இல்லை.

அந்தக் கூலியில்தான் மற்ற அணிகள் பிழைத்தன. நீச்சல் குளத்துத் தண்ணீர் சூடாக இருந்தது. பேஸ்பால் பையன்கள் பேருந்தில் ஏறினார்கள். அரங்கத்தின் மரத் தளத்துக்கு வருடா வருடம் மெழுகு பூசினார்கள். ஆடித் தோற்ற பையன்களுக்கு மட்டும் அதில் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் அதுதான் சட்டம்.

நான் உள்ளூர் வானொலியில் ஆட்டங்களை வர்ணிப்பவன். அணியோடு பேருந்தில் போவேன். ஓட்டுநருக்குப் பின்னால் ஓபல், அவளுக்குப் பின்னால் நான். மடியில் ஒரு தோல் பை வைத்திருப்பாள். பையன்கள் அவளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். லூயிவில்லிலிருந்து வந்த ஜமார் அவள் பக்கத்தில் நின்று கேட்காமல் ஒரு தடவையும் ஏறியதில்லை.

"மிஸ் ஓபல், இந்த வாரம் நாங்க என்ன விலை?"

"எழுபது."

"எழுபதாயிரமா! அதுல எனக்கு எவ்வளவு?"

"ஒரு சாண்ட்விச்."

"சீஸ் வெச்சதா?"

"ஜெயிச்சா சீஸ்."

அவள் கல்லூரி விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்யத்தான் வந்தாள். கணவன் க்ளெல் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தான். அப்போதே இருமிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் விளையாட்டுத் துறைத் தலைவர் மீன் பிடிக்கப் போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஒஹாயோவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் பேசினார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஆட்டம், இருபதாயிரம் தருகிறோம், வருகிறீர்களா என்றார். ஓபல் முப்பது என்றாள். எதனால் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் இருபத்தெட்டுக்கு ஒத்துக்கொண்டார். மீன் பிடிக்கப் போனவர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தொலைபேசி ஓபலுடையது. ஒவ்வொரு ஏப்ரலிலும், ஆட்டப் பருவம் முடிந்த கையோடு, அவளே ஒவ்வொரு பெரிய இடமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். அங்கே அட்டவணை போடுகிறவர்களுக்கெல்லாம் அவள் குரல் பழகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கூட அவளுக்குத் தெரியும். விலையை மட்டும் விடமாட்டாள்.

ஒரு தடவை வடக்கே பனி கொட்டும் ஊர் ஒன்றில் ஆட்டம் முடிந்தது. காசோலை தபாலில் வரும் என்றார்கள். ஒப்பந்தத்தில் அன்றைக்கே என்று இருந்தது. ஓபல் ஓட்டுநரிடம் வண்டியை வெளிவாசலுக்குக் குறுக்கே நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொன்னாள். பின்னால் வந்த கார்கள் ஒலி எழுப்பின. கோட்டு போட்ட ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, வண்டியை எடுங்க. செக் தபால்ல வந்துடும்."

"வரட்டுமே. அதுவரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம். காலையில பையன்களுக்கு என்ன சாப்பாடு போடுவீங்க? பதினாலு பேரு. நல்லா சாப்பிடுவாங்க."

பையன்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் காசோலை வந்தது. ஓபல் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, "நல்ல ஆட்டம். உங்க பையன்க ஜோரு" என்றாள்.

பயிற்சியாளர் ராய்ஸ் ஹாட்லிக்கும் அவளுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஏப்ரலில் இருவரும் வெஸ்டாவின் சாப்பாட்டுக் கடையில் உட்காருவார்கள். பீன்ஸும் சோளரொட்டியும் வரும். விற்பதற்கு ஆறு ஆட்டம் ஓபலுக்கு, ஜெயிப்பதற்கு மீதி ராய்ஸுக்கு. ஆறுக்கு மேல் அவள் விற்கமாட்டாள். ஆறுக்குக் குறைத்து அவன் கேட்கமாட்டான். கைகுலுக்கிக்கொள்வார்கள். பதினொரு வருடம் அது நடந்தது. ராய்ஸ் அதிகம் பேசாத ஆள். அவன் மனைவி ஓபலோடு தேவாலயத்தில் பாடுவாள். இந்த இரண்டு குடும்பத்தையும் ஊரில் யாரும் தனித்தனியாக நினைத்ததில்லை.

பன்னிரண்டாவது வருடம் மாநில அரசு கல்லூரிக்குக் கொடுப்பதைக் குறைத்தது. கல்லூரித் தலைவர் டாக்டர் பிரூயிட் ஓபலைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு ஆட்டம் விற்கச் சொன்னார். இல்லாவிட்டால் பெண்கள் நீச்சல் அணியை மூடுவதாகச் சொன்னார்.

அன்று வெஸ்டா கடையில் நானும் அவர்களோடு இருந்தேன்.

"எட்டு கேக்கறாரு" என்றாள் ஓபல்.

ராய்ஸ் சோளரொட்டியை உதிர்த்து பீன்ஸில் போட்டுக்கொண்டிருந்தான். "ஆறுன்னா ஆறு."

"எனக்குத் தெரியாதா? இன்னும் கையெழுத்துப் போடலை. உன்கிட்ட சொல்லாம போடுவேனா?"

"போடலைன்னா?"

"குளத்தைப் பூட்டிடுவாங்க. அந்தப் பொண்ணுங்க மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"போட்டா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." அவன் கரண்டியை வைத்தான். "மொத்தம் இருபத்தெட்டு ஆட்டம். பாதி ஜெயிக்கலைன்னா என்னைத் தூக்கிடணும்னு அந்தக் கார் விக்கிறவன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். நிர்வாகக் குழுவுல அவன் பேச்சுதான் எடுபடுது. இதுல எட்டைத் தோக்கறதுக்குன்னே நீ வித்துட்டு வர்ற. என் கழுத்தை அறுக்கற கத்திக்கு நீயே விலை பேசற, ஓபல்."

"கத்தாத."

"நான் கத்தலை."

கத்தவில்லைதான். வெஸ்டா இரண்டு தட்டுகளோடு வந்தாள். "சண்டை போடறதுன்னா இந்த ஆப்பிள் பலகாரத்தைத் தின்னுட்டுப் போடுங்க. சூடா இருக்கு."

இருவரும் தட்டை இழுத்துக்கொண்டார்கள். பிறகு ஓபல் சொன்னாள். "விக்கிற எட்டையும் உன் கணக்குல சேக்கக் கூடாதுன்னு பிரூயிட்கிட்ட பேசறேன். மிச்சம் இருபதை மட்டும் வெச்சு உன்னைப் பாக்கட்டும்."

"அவரு சரின்னா எனக்கும் சரி."

அவள் போய்ப் பேசினாள். பிரூயிட் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது கேக்கணுமா ஓபல்? நாமளே வித்த ஆட்டத்தை வெச்சு ஒரு மனுஷனை எடை போடுவோமா?" என்றார். அவள் வெளியே வந்து ராய்ஸுக்குச் சொன்னாள். பிறகு இரண்டு ஒப்பந்தங்களிலும் கையெழுத்துப் போட்டாள்.

விற்றதில் எட்டாவது ஆட்டம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் அந்த வருடத்தின் மற்ற ஏழு கூலி ஆட்டங்களிலும் தோற்றிருந்தோம். ஜன்னல் இல்லாத நடைவழியில், அணிகள் உடை மாற்றும் அறைக்கு வெளியே, ராய்ஸ் ஓபலிடம் கேட்டான்.

"பிரூயிட் சொன்னாரே, எழுதி வாங்கினியா?"

அவள் தோல் பையை மறு கைக்கு மாற்றினாள். "வாயால சொன்னாரு. கையைப் பிடிச்சுச் சொன்னாரு."

ராய்ஸ் சிரித்தான். "செக் இல்லாம வண்டியை எடுக்க மாட்டேன்னு பனியில உக்காந்தவ நீ."

"அவங்க வெளியாளுங்க, ராய்ஸ்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

இப்படிப்பட்ட ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. இருபது புள்ளி பின்தங்கியதும் நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடுவார்கள். ஜனவரியில்தான் எங்களைப்போன்ற கல்லூரிகளோடு மோதும் கூட்டமைப்பு ஆட்டங்கள் தொடங்கும். அதற்குக் கால்கள் மிஞ்ச வேண்டும். ராய்ஸ் அதில் கெட்டிக்காரன். அன்று அவன் யாரையும் உட்கார வைக்கவில்லை. எங்கள் பையன்களும் இருபது பின்தங்கவில்லை. பாதி ஆட்டத்தில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். அரங்கம் முணுமுணுத்தது. நான் ஒலிவாங்கியில் என்னென்னவோ பேசினேன். ஓபல் எதிர்வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள். ஜெயித்தால் அந்தப் பல்கலைக்கழகம் இனிமேல் அவள் தொலைபேசியை எடுக்காது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு கைகளையும் வாயில் குவித்து ஜமார் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவள் கத்தி நான் பார்த்தது அன்றுதான்.

கடைசிக்கு முந்தைய நிமிடத்தில் ஜமார் கூடைக்குக் கீழே தாவி இறங்கினான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. அவன் சத்தம் போடவில்லை. தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று புள்ளியில் தோற்றோம்.

ஓபல் காசோலையை வாங்கி வந்தாள். பேருந்தில் ஜமார் முதல் இரண்டு இருக்கையில் காலை நீட்டிக் கிடந்தான். அவள் தன் கோட்டை மடித்து அவன் காலுக்குக் கீழே வைத்தாள்.

"எழுபதா, மிஸ் ஓபல்?" என்றான்.

"எழுபத்தஞ்சு."

"அப்ப சீஸ் குடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சாண்ட்விச் பெட்டியைத் திறந்து சீஸ் வைத்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரியில் அவள் பிரூயிட்டிடம் மறுபடி போனாள். சொன்னதை ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "என் வார்த்தை போதாதா?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டதுபோல் சொன்னார். ஓபல் மேற்கொண்டு கேட்காமல் வந்துவிட்டாள். க்ளெல் நுரையீரல் கெட்டுச் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் பிரூயிட் ஒருவர். மழையில் சகதி மேட்டில் ஏறும்போது வழுக்கி, முட்டி சகதியில் பட, பெட்டியை விடாமல் தூக்கி வந்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் காகிதத்தில் எழுதிக் கொடு என்று ஒரு தடவைதான் கேட்க முடியும் என்று என்னிடம் சொன்னாள்.

ஜமார் இல்லாமல் அணி தடுமாறியது. ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களில் சிலவற்றைத் தோற்றது. மார்ச் தொடக்கத்தில் பருவம் முடிந்தபோது வெற்றி பதின்மூன்று, தோல்வி பதினைந்து. ஓபலின் எட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இருபதில் பதின்மூன்று. யாரும் அப்படிப் பார்க்கவில்லை. குழு கூடியது. அன்று மத்தியானமே ராய்ஸை அழைத்து வேலை போய்விட்டதைச் சொல்லிவிட்டார்கள்.

ஓபல் நேராகப் பிரூயிட் அறைக்குப் போனாள். நான் செய்திக்காக வெளியே நின்றிருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"கணக்குல சேக்க மாட்டோம்னு சொன்னீங்களே, டாக்டர் பிரூயிட்."

"நான் குழுவுல எடுத்துச் சொன்னேன், ஓபல். சத்தியமா சொன்னேன். அவங்க எண்ணிக்கையைத்தான் பாக்கறாங்க. என் கையில ஒரு ஓட்டுதான் இருக்கு."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

அவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, ராய்ஸின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மீதி இருக்கிறது, அந்தச் சம்பளத்தைக் கல்லூரி கொடுத்தாக வேண்டும் என்றார். புதுப் பயிற்சியாளருக்கும் சம்பளம் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் வேண்டும். அடுத்த வருடம் ஒன்பது ஆட்டம் விற்க முடியுமா என்று கேட்டார்.

வெளியே வந்தபோது ஓபல் முகத்தில் ஒன்றும் இல்லை. "கேட்டியா, டென்னி?" என்றாள் என்னிடம். "ராய்ஸைத் தூக்கினதுக்கு ஆன செலவையும் நான்தான் வித்துக் கட்டணுமாம்."

ஏப்ரல் வந்தது. ஓபல் காலையில் அலுவலகத்துக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். மேசையில் உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டாள். தொலைபேசியைத் தொடவில்லை. அது அடித்தாலும் எடுக்கவில்லை. பெரிய இடங்கள் கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டன. டென்னசியிலும் மேற்கு வர்ஜினியாவிலும் எங்களைப்போன்ற கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. தேதிகள் ஒவ்வொன்றாக அவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. துறைத் தலைவர் தானே கூப்பிட்டுப் பார்த்தார். ஓபல் எங்கே என்றுதான் எல்லாரும் கேட்டார்களாம். ஒரு இடத்தில் முப்பதாயிரம் என்றார்களாம்.

கடைசியில் பிரூயிட்டே இறங்கி வந்தார். அதுவரை அவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை. உட்கார நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே பேசினார்.

"என்ன பண்றீங்க ஓபல்? தேதியெல்லாம் போயிட்டிருக்கு."

"போகட்டும்."

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"புதுசா வர்ற பையனோட ஒப்பந்தத்துல ஒரு வரி. நான் விக்கிற ஆட்டத்தை அவன் கணக்குல சேக்கக் கூடாது. குழுவுல எல்லாரும் கையெழுத்துப் போடணும். கார் விக்கிறவனும்."

"பாத்துக்கலாம். என் வார்த்தை…"

"க்ளெல்லை நீங்க தூக்கினீங்க. நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "எழுதிக் குடுங்க."

அவர் மேசையில் கிடந்த குறுக்கெழுத்தைப் பார்த்தார். பிறகு போனார். அந்த வாரம் கழிந்தது. அடுத்த வாரம் கையெழுத்துகளோடு நகல் ஒன்று அவள் மேசைக்கு வந்தது. ஓபல் அதை முழுதும் வாசித்தாள். கார் விற்கிறவனின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். நல்ல தேதிகள் போய்விட்டிருந்தன. ஏழு ஆட்டம்தான் விற்க முடிந்தது. அதிலும் விலை குறைவு. நீச்சல் குளம் திறந்திருந்தது. வெதுவெதுப்பை மட்டும் குறைத்தார்கள். பெண்கள் நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள்.

புதுப் பயிற்சியாளர் ட்ரென்ட் மேடக்ஸ். முப்பத்திரண்டு வயது. அந்த வரி தன் வழக்கறிஞரின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஓபல் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனோடு வெஸ்டா கடைக்கும் போகவில்லை.

ராய்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு. கல்லூரியின் மீதிப் பணம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பிப்ரவரியில் மாவட்டப் போட்டிக்காக நான் அங்கே போனேன். அவன் பையன்கள் வரிசையாக நின்று பந்தை எறிந்துகொண்டிருந்தார்கள். புள்ளிப் பலகையில் விளக்கு ஒன்று எரியவில்லை. ராய்ஸ் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். ஜமார் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். ஓடுகிறான், தாவ மாட்டேன் என்கிறான் என்றேன்.

"ஓபல் ஏப்ரல்ல போனையே தொடலையாமே? நிஜமா?"

"நிஜம்தான். பிரூயிட் இறங்கி வந்து கேக்கற வரைக்கும் தொடலை."

"அந்தப் புதுப் பையனுக்கு எழுதி வாங்கிக் குடுத்தாளாமே."

"ஆமா."

அவன் பந்துகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு அதைப் பண்ணியிருக்கலாம்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். பிறகு எழுந்துபோய் ஒரு பையனின் முழங்கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினான்.

திரும்பி வந்த மறுநாள் ஓபல் என்னைக் கேட்டாள். "ராய்ஸைப் பாத்தியா? என்ன சொன்னான்?"

பையன்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்றேன். பலகை விளக்கு எரியாததைச் சொன்னேன். அவள் காத்திருந்தாள். என்னால் அதற்கு மேல் சுற்றி வளைக்க முடியவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஆமா" என்றாள். "பண்ணியிருக்கலாம்."

அடுத்த ஏப்ரல் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடக்ஸின் அணி அந்த வருடம் பதினோரு ஆட்டம்தான் ஜெயித்தது. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததால், ஓபலின் ஏழைத் தள்ளி இருபத்தொன்றில் பதினொன்று என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது, குழுவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓபல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் குரல் கேட்டது. யாரோ ஒருவருடைய மகளின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, "எழுபத்தஞ்சுக்குக் கீழ வர மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.